கொடியின் மேல் ஒரு தொழுகை

என் சின்னத்தா, அதாவது அப்பாவுக்கு, எங்கள் வீட்டுப் பேச்சில் அத்தாவுக்கு, தம்பி, ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தார். சங்கத்தில் செங்கொடிக்காரர், வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகையில் முதல் வரிசைக்காரர். இரண்டும் ஒரே ஆளுக்குள் எப்படிக் குடித்தனம் நடத்துகின்றன என்று எங்கள் பள்ளிவாசல் மஹல்லாவில் பலருக்கும் யோசனை. எனக்கு அந்த யோசனைகூட இல்லை. கம்யூனிஸ்ட் என்பது வெல்டர், ஃபிட்டர் மாதிரி ஒரு வேலை என்று நாலாம் வகுப்பில் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவருக்கு முப்பது தாண்டிவிட்டது. வந்த வரன்களெல்லாம் சங்கம் என்றதும் கழன்றுகொண்டன. பர்கூர் வரன் மட்டும் நின்றது. பெண் பக்கத்து செல்போன் கம்பெனியில் வேலை செய்தார். பஸ்ஸில் பார்த்துச் சின்னத்தாவுக்குப் பிடித்துப்போயிருந்தது. இது அமையாவிட்டால் இனிக் கல்யாணப் பேச்சே வேண்டாம் என்று அம்மாவிடம் ரகசியமாகச் சொன்னார். அம்மா அதை வீடு முழுக்க ரகசியமாகச் சொன்னார்.

அந்த நேரம் பார்த்துத்தான் கம்பெனி வாசலில் போராட்டம். மழை பெய்து தரையெல்லாம் சேறு. அஸர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது, விரிக்கத் துணி இல்லை. கையில் இருந்தது சங்கக் கொடி. அதையே விரித்தார். தொழும்போது சின்னம் கண்ணில் படக்கூடாதே என்று அச்சடித்த பக்கத்தைக் கீழே போட்டார். பாவம், ரொம்ப யோசித்துச் செய்த காரியம். யாரோ செல்போனில் படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பெண்ணின் அத்தா மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தார். அவர் வருவதற்கு முன்னாலேயே அவர் வேட்டியின் கட்சிக் கரை வாசலில் தெரிந்தது. டீயைக் குடித்துவிட்டு, செல்போனை எடுத்து எங்கள் அத்தாவிடம் நீட்டினார். நான் எட்டிப் பார்த்தேன்.

“ஐ, எங்க சின்னத்தா. அந்தக் கொடிய எங்கம்மாதான் சோப்பு போட்டுத் தொவச்சாங்க.”

அம்மா தொடையில் கிள்ளினார்.

“தொழுவுற புள்ளதான், நான் இல்லைங்கல,” என்றார் வந்தவர். “அதுக்குன்னு கட்சிக் கொடி மேலயாங்க? நாலு பேரு கேட்டா நான் என்னத்தச் சொல்றது?”

“நீங்களும் கட்சிதானுங்களே,” என்றார் அத்தா, வேட்டிக் கரையைப் பார்த்தபடி.

“இது ஓட்டுக்குங்க. அது கொள்கையாச்சே.”

ஓட்டுக்கு ஒன்று, கொள்கைக்கு ஒன்று என்று இரண்டு வைத்துக்கொள்ள வேண்டுமா என்று கேட்க எனக்கு நாக்கு துடித்தது. அம்மாவின் விரல்கள் தயாராக இருந்ததால் கேட்கவில்லை. வந்தவர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் சங்கத் தலைவர் வந்தார். விருதுநகர்ப் பக்கத்துக்காரர். அவர் செல்போனிலும் அதே படம். சின்னத்தாவை எப்போதும் தோழர் என்று கூப்பிடுகிறவர், அன்றைக்கு பாய் என்றார்.

“தொழுங்க பாய், யாரு வேண்டாம்னா? நம்ம சின்னத்தச் சேத்துல கவுத்துப் போட்டுட்டீகளே. பயலுக கொதிக்கிறாங்க. இந்தத் தடவ செயலாளருக்கு உங்க பேரு வேண்டாங்கிறாங்க.”

அவரை அனுப்பிவிட்டுத் திரும்புவதற்குள் பர்கூரிலிருந்து அத்தாவுக்கு போன் வந்தது. பையன் தங்கமான பையன்தான், ஆனால் காம்ரேட் மாப்பிள்ளை எங்களுக்குச் சரிப்பட்டு வராது என்றார்களாம். சின்னத்தா சந்துக்குப் போய், நிறுத்தியிருந்த வண்டிமேல் உட்கார்ந்துகொண்டார். புதுச் சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

நான் பின்னாலேயே போனேன். வாயில் அடைத்துவைத்திருந்த கேள்வி வேறு எங்கே போகும்?

“சின்னத்தா, நீங்க கம்யூனிஸ்ட்டா, முஸ்லிமா?”

அவர் என் பக்கம் திரும்பினார். கண் சிவந்திருந்தது.

“அங்க போனா நான் பாய் கண்ணு. இங்க வந்தா காம்ரேட்.”

எனக்கு ஒரே பொறாமை. போகிற இடத்திலெல்லாம் சின்னத்தாவுக்கு ஒரு பேர் வைத்திருக்கிறார்கள், எனக்கு மட்டும் யாரும் வைக்கவில்லை என்று உள்ளே ஓடி அம்மாவிடம் அழுதேன்.