மாமா எழுதிய வசவு

மாமாவுக்கு நாடகம் எழுதும் ஆசை வந்ததுதான் எங்கள் வீட்டுக்குப் பிடித்த ஏழரைச் சனி. மாமா என்றால் அம்மாவின் தம்பி. திருநெல்வேலிக்குப் படிக்கப் போனவர், படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுக் கதர் வேட்டியும் கையுமாகத் தென்காசியில் எங்கள் வீட்டிலேயே வந்து இறங்கினார். வந்தவர் சும்மா இருந்தாரா? குற்றாலத்தில் சாரல் பிடித்து, ஊர் ஊராய் ஜனங்கள் குளிக்க வந்து குவியும் ஆடி மாதத்தில் போடுவதற்கென்று, தீண்டாமையை ஒழிக்கும் நாடகம் ஒன்றை எழுதினார். தீண்டாமை ஒழிந்ததோ இல்லையோ, எங்கள் வீட்டில் நிம்மதி ஒழிந்தது.

சண்டை எல்லாம் ஒரே ஒரு வசவைப் பற்றித்தான். நாடகத்தில் ஒரு பண்ணையார் வருவார். மடை திறக்கத் தாமதித்த வேலையாளை அவர் வைவார். வேலையாளின் சாதிப் பெயரோடு ஒரு மிருகத்தின் பெயரைச் சேர்த்து முடிச்சுப் போட்ட வசவு அது. அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதியே தீருவேன் என்று ஒருவர் பிடிவாதம் பிடித்துப் பட்டது போதும்.

மாமா அந்தக் கட்டத்தை முற்றத்தில் நின்று, பண்ணையார் குரலிலேயே உரக்கப் படித்துக் காட்டினார். அம்மாவுக்கு வந்ததே கோபம்.

"ஏலே, பொம்பளப் பிள்ள இருக்கிற வீட்டுல இந்தப் பேச்சையா பேசுத?"

"நான் எங்கக்கா பேசுதேன்? பண்ணையாருல்லா பேசுதாரு."

"அவரு ஒன் வாயாலதான பேசுதாரு!"

அப்பா இன்னும் ஒரு படி மேலே போனார். மானமுள்ள குடும்பத்தில் வரக்கூடிய வார்த்தையா இது என்று குதித்தார். அன்று காலையில்தான் அதே வார்த்தையைச் சொல்லி, எங்கள் வயலில் வேலை செய்த சுடலையைக் கொல்லைப்புறத்தில் கூப்பிட்டிருந்தார். அந்த வார்த்தை எங்கள் வீட்டில் பின்வாசல் வரை தாராளமாக வந்து போகலாம். முன்வாசல் வழியாக, அதுவும் எழுத்தில் ஏறி வந்ததைத்தான் அப்பாவால் பொறுக்க முடியவில்லை. போதாததற்கு நாடகத்துப் பண்ணையார் பேச்சுக்குப் பேச்சு மூக்குப்பொடி போடுகிறவர். அப்பாவும் பொடி போடுவார்.

"என்னையத்தான எழுதியிருக்க?"

"ஊருல பொடி போடுதது நீங்க ஒருத்தர்தானா அத்தான்?"

இலை போட்டால் இந்தப் பேச்சு, இலை எடுத்தால் இந்தப் பேச்சு. ரசம் ஆறிப் பச்சைத் தண்ணீராகும் வரை வாதாடினார்கள். வசவை எடுத்துவிட்டு 'மூடனே' என்று போட்டுக்கொள்ளும்படி அப்பா இறங்கி வந்தார். எந்த ஊர்ப் பண்ணையார் வயலில் நின்று 'அடே மூடனே' என்று கூப்பிடுகிறார், காட்டுங்கள் பார்ப்போம் என்று மாமா கேட்டார்.

"கேக்கவன் காது கூசணும் அத்தான். நாமளும் இப்படித்தான பேசுதோம்னு தலையக் குனியணும். அதுக்குத்தான் எழுதியிருக்கேன்" என்றார் மாமா. வசவுக்கு அடுத்த வரியில் 'சபையில் நிசப்தம்' என்று வேறு எழுதி வைத்திருந்தார். சபை என்ன செய்யும் என்பதையும் தானே எழுதிவிடலாம் என்று நினைத்த அந்த மனிதரை நினைத்தால், இத்தனை வருஷம் கழித்தும் எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத்தான் தோன்றுகிறது.

சபை தலைகுனிவதைச் சுடலை தம் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதுதான் மாமாவின் பெரிய ஆசை. கொல்லைப்புறம் போய் அவரை மரியாதையாக அழைத்தார்.

"நீரு கண்டிப்பா வரணும். உம்ம மகனையும் கூட்டிட்டு வாரும்."

"பய எதுக்குச் சின்னையா? இந்த ஏச்சுப் பேச்செல்லாம் அவன் காதுல விழாமத்தான் வளக்கேன். அதுக்காகத்தான் இங்கன மாடு மேய்க்கக்கூட அவனக் கூட்டியாறதில்ல."

"அவந்தான் முக்கியமாப் பாக்கணும். நாளைக்குத் தலை நிமிந்து நடக்க வேண்டியவன்லா?"

எங்கள் வீட்டில் யாரையும் மறுத்துப் பேசிப் பழகியவர் இல்லை சுடலை. சரி என்று தலையாட்டினார். "அவனுக்கு என்னலே நீரு, மோரு!" என்று உள்ளே அப்பா முணுமுணுத்தார்.

நாடகத்தன்று வண்டி கட்டிக்கொண்டு குற்றாலம் போனோம். ஓலைக் கொட்டகைக்குள் கால் வைக்க இடமில்லை. சுடலையையும் அவர் மகனையும் அவர்கள் தெருக்காரர்களையும் கொட்டகைக்காரர் உள்ளே விடவில்லை. கூரை முடிகிற இடத்தில் ஒரு கயிறு கட்டியிருந்தது. அதற்கு அந்தப் பக்கம், சாரலில் நனைந்தபடி நின்று பார்க்கலாம் என்றார். ஒரு வார்த்தைக்காக ஆனி மாதம் முழுக்க எங்கள் உயிரை வாங்கிய மாமா, அந்தக் கயிற்றுக்காக ஒரு வெற்றிலை போடும் நேரம்கூட வாதாடவில்லை. "நாடகம் நடக்கட்டும்க்கா, கயிறு தன்னால அவுந்துரும்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு மேடைப் பக்கம் ஓடினார்.

பண்ணையார் வேஷம் ஜவுளிக்கடை அண்ணாச்சிக்கு. கடையில் அவர் 'வாங்க' என்று சொன்னாலே தெருமுனை வரை கேட்கும். அன்று மீசையும் ஒட்டிக்கொண்டு, பொடியை உறிஞ்சி, அந்த வசவை இழுத்து நீட்டிச் சொன்னார். நிசப்தம் வரவில்லை. முன்வரிசையில் ஒருவர் குபீரென்று சிரித்தார். அடுத்தவர் தொடையில் தட்டிக்கொண்டார். பிறகு கொட்டகையே சிரித்தது. யாரோ ஒருவர், "ஒன்ஸ் மோர்!" என்று கத்தினார்.

அந்தக் காலத்து நாடகத்தில் ஒன்ஸ் மோர் என்றால் கட்டளை. செத்துக் கிடக்கிற ராஜாவானாலும் எழுந்து உட்கார்ந்து, பாட்டை மறுபடி பாடிவிட்டுத்தான் மறுபடி சாக வேண்டும். இல்லாவிட்டால் மேடைக்குக் கல் வரும். ஆனால் பாட்டுக்குத்தான் அப்படிக் கேட்பார்கள். வசவுக்குக் கேட்டதை அன்றுதான் பார்த்தேன். அண்ணாச்சி மீசையை முறுக்கி இன்னொரு தடவை வைதார். மறுபடியும் கேட்டார்கள். இந்தத் தடவை வேலையாளின் தாயையும் தம் சொந்தச் செலவில் சேர்த்துக்கொண்டார். மாமா படுதா ஓரத்தில் நின்று, "போதும் அண்ணாச்சி, மேல போங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினார். யார் கேட்டார்கள்? உடம்பெல்லாம் கரி பூசி வேலையாளாக நின்ற பள்ளிக்கூட வாத்தியார், ஊரையே உலுக்கும் என்று மாமா பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்த பதிலை அந்தச் சிரிப்புக்குள்ளேயே பேசி முடித்தார். ஒரு சொல்கூட யார் காதிலும் விழவில்லை.

அதுவரை துண்டால் முகத்தை மறைத்து உட்கார்ந்திருந்த அப்பா, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பொடிமட்டையை எடுத்தார். நாலு பேர் பார்க்க ஒரு சிட்டிகை போட்டார். "எழுதுனது நம்ம மச்சினன்தான். பண்ணையாரு யாருன்னு நினைக்கிய? என்னையப் பாத்துத்தான் எழுதியிருக்கான்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அம்மா எழுந்து வண்டிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் விடிந்ததும் மாமா அந்த வசவைப் பேனாவால் அடித்துவிட்டு, ஜவுளிக்கடைக்குப் போய் அண்ணாச்சியிடம் சொன்னார். "நீங்க தாள்ல அடிச்சிக்கிடுங்க தம்பி. எனக்குத்தான் மனப்பாடமாயிட்டுல்லா" என்று அண்ணாச்சி சிரித்தாராம்.

மாமா திரும்பி வந்தபோது சுடலை மண்வெட்டி எடுக்கக் கொல்லைப்புறம் வந்திருந்தார். நானும் அங்கேதான் நின்றேன்.

"நேத்து அப்படி ஆகும்னு நான் நினைக்கல சுடலை. உம்ம மகன் அழுதானா?"

"அழல சின்னையா. அவனுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. எல்லாரும் சிரிச்சாகள்லா, அவனும் கைதட்டிச் சிரிச்சான். கரி பூசிட்டு நின்னது யாருன்னு அவனுக்குத் தெரியல." சுடலை மண்வெட்டியின் காம்பைத் துடைத்தார். "காலையில எந்திரிச்சதும் கரிய எடுத்து மீசை போட்டுக்கிட்டான். குடிசை வாசல்ல நின்னு அந்த வார்த்தையச் சொல்லித்தான் என்னயக் கூப்பிடுதான். மடையத் தொறந்தியாலேன்னு கேக்கான்."

மாமா துவைக்கிற கல்லில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். ஒரு பையன் நன்றாக நடிக்கிறான் என்றால் இதற்கு ஏன் இந்தப் பாடு என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

"ஏ சுடல, ஒம் மகன நாளைக்கு இங்கன கூட்டிட்டு வா. எங்களுக்கும் நடிச்சுக் காட்டட்டும்" என்றேன். என் அப்பா வயதுள்ளவரை அப்படித்தான் கூப்பிடுவோம். அதை வசவு என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

"ஆகட்டும் தாயி" என்று சொல்லிவிட்டுச் சுடலை வயலுக்குப் போனார்.

மறுநாள் பின்வாசலில் காத்திருந்தேன். அவர் தனியாகத்தான் வந்தார். அதற்கு அடுத்த நாளும் தனியாகத்தான் வந்தார். எனக்குக் கோபம் தாங்கவில்லை. சுடலை சொன்ன சொல்லைக் காப்பாற்றத் தெரியாத ஆள் என்று அம்மாவிடம் போய்ப் புகார் சொன்னேன்.