பெரியவர் தெரியாத வரைபடம்

என் மனைவி ஃபோன் விளையாட்டில் சண்டை போடும் திரையை முதன்முதலாகப் பார்த்தபோது, கோயில் தேர் ஒன்றை யாரோ மடித்து அவள் உள்ளங்கையில் வைத்துவிட்டதுபோல இருந்தது. எத்தனை விளக்கு, எத்தனை சக்கரம்! நடுவில் அவளுடைய வில்லாளிப் பெண் ஓடுகிறாள். தலைக்கு மேல் ஒரு பச்சைக் கோடு. அதுதான் உயிர், அடி விழ விழக் குறுகுகிறது. வலது ஓரத்தில் வட்டப் பொத்தான்கள். ஒன்றைத் தொட்டால் அது இருண்டுபோய், மேலே ஒரு நிழல் கடிகார முள்போலச் சுற்றி மெல்ல விலகுகிறது. முழுக்க விலகினால்தான் அந்த வித்தை மறுபடி கைக்கு வரும். உச்சியில் முகங்கள், நமக்கு ஐந்து, எதிரிக்கு ஐந்து. செத்தவர் முகம் சாம்பலாகிவிடும். எப்போது எழுவார் என்று அதன்மேல் எண் இறங்கிக்கொண்டிருக்கும். இடது மூலையில், தீப்பெட்டி அகலத்துக்கு, மொத்தப் போர்க்களத்தின் வரைபடம்.

"இதுல எதப் பாக்கறே நீ?"

"எல்லாத்தையுந்தாங்க."

ஒரு வரி எழுத நாள் முழுக்க வாசலுக்கும் அடுக்களைக்கும் நடப்பவன் நான். எல்லாவற்றையுமா?

அந்த மூலை வரைபடத்தில் நம் ஆட்கள் நீலம், எதிரிகள் சிவப்பு. சிவப்பே இல்லாத ஒரு நேரத்தில் "யாருமே இல்லியே, போயேன்" என்றேன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சிரித்தாள். "செவப்பு இல்லைன்னா ஆளு இல்லைன்னு இல்லீங்க. நம்மாளு யாரும் பாக்கலைன்னு அர்த்தம். பெரியவர் எங்கியோ நிக்கறாரு."

அவள் பிறந்தது பென்னாகரத்துக்கு மேற்கே, காட்டை ஒட்டிய ஊர். கடலைக் காட்டில் காவல் இருக்கும்போது அங்கே யாரும் யானையை யானை என்று சொல்வதில்லை. சொன்னால் கூப்பிட்டதாகிவிடும். பெரியவர் என்பார்கள். கல்யாணமாகி இத்தனை வருடம் கழித்து, கண்ணுக்குத் தெரியாத எதிரிக்கும் அந்தப் பேரையே வைத்துவிட்டாள். அவளுடைய குழுவும் பிடித்துக்கொண்டது. ஃபோனிலிருந்து குரல்கள் கேட்கும்: "பெரியவர் எங்க? பெரியவர் எங்க?"

குழுவின் தலைவன் மொரப்பூரில் மொபைல் கடை வைத்திருப்பவன். அடுத்த வாரம் போட்டி. ஐந்து பேருக்குத்தான் இடம். அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆட்டம் தொடங்கும் முன்பே சொல்லிவிட்டான்: "ஆன்ட்டி, தப்பா நெனைக்காதீங்க. இன்னிக்குத் தோத்தோம்னா உங்க எடத்துல என் மச்சானப் போட்டுக்கறேன்."

"சரிங்க தம்பி" என்றாள். என் பக்கம் திரும்பி, "ஃபேன நிறுத்துங்க, சத்தத்துல ஒண்ணும் கேக்கல" என்றாள். அவள் நெற்றியில் வேர்வை அரும்பியிருந்தது. நான் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். உட்கார முடியவில்லை, எழுந்து நின்றேன்.

ஆட்டம் முற்றிய நேரம். நடுக்களத்தில், புதரை ஒட்டிய பள்ளத்தில் ஒரு ராட்சத மிருகம். அதைக் கொன்றவர்களுக்கு அது துணைக்கு வந்து எதிரியின் கோட்டையை உடைக்கும். வரைபடத்தில் ஒரு சிவப்புப் பொட்டும் இல்லை.

"மேப் காலி! எல்லாரும் வாங்க, அடிச்சிரலாம்!" என்றான் தலைவன்.

"வேணாந் தம்பி. மேல பாருங்க, அவங்க அஞ்சு மொகமும் கலராத்தான் இருக்குது. அஞ்சு பேரும் உசுரோட இருக்காங்க, ஒருத்தரும் தெரியல. பெரியவர் அந்தப் பொதர்லதான் இருக்காரு."

"ஆன்ட்டிக்குப் பயம் வந்துருச்சு டோய்!"

ஓசூரிலிருந்து ஆடும் பெண்ணுக்குப் பதற்றத்தில் 'வேண்டாம்' கூடக் கன்னடத்தில்தான் வரும். "பேடாண்ணா, பேடா! அக்கா சொல்றதக் கேளு."

அவன் கேட்கவில்லை, தனியாகவே பள்ளத்தை நோக்கிப் போனான். என் மனைவி நகரவில்லை. அவள் கட்டைவிரல் பெரிய வித்தையின் பொத்தானுக்கு மேலே, தொடாமல், தும்பிபோல நின்றது. அதன் நிழல் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. எங்கே பார்க்க வேண்டும் என்று முதன்முறையாக எனக்குத் தெரிந்தது. அந்த நிழலையே பார்த்தேன். கீற்றானது, நூலானது.

புதருக்குள்ளிருந்து ஐந்து சிவப்புப் பொட்டுகள் ஒரே சமயத்தில் பூத்தன.

"ஆன்ட்டி! ஆன்ட்டி!"

அவன் முகம்தான் முதலில் சாம்பலானது. அதே கணம் நிழல் விலகியது, அவள் விரல் இறங்கியது. தூரத்திலிருந்து அம்பு மழை அந்தப் புதர்மேல் கொட்டியது. உச்சியில் எதிரி முகங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. நாலு. ஐந்தாவது ஆள் திரும்பி இவள்மேல் பாய்ந்தான். பச்சைக் கோடு குறுகிக் குறுகி, திரை முழுக்க நிறம் வடிந்துபோனது. செத்துவிட்டாள். இனி அவளால் பார்க்க மட்டுமே முடியும். அந்தச் சாம்பல் உலகத்தில் ஓசூர்ப் பெண்ணும் மற்ற இரண்டு பேரும் ஓடினார்கள். தடுக்க வந்த ஒற்றை ஆளைத் தாண்டி, ஓடிக்கொண்டே இருந்தார்கள். கோட்டை வெடித்த வெளிச்சத்தில்தான் நிறம் திரும்பி வந்தது.

மூச்சுவிட்டாள். நானும்.

"அங்கதான் நிக்கறாங்கன்னு எப்படித் தெரிஞ்சுது உனக்கு?"

"வேற எங்கியும் தெரியலீங்களே" என்றாள், நான் கேட்டது என்ன கேள்வி என்பதுபோல.

அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முகங்கள், நிழல், உயிர்க்கோடு, மூலையின் இருட்டு, எல்லாம் ஒரே பார்வையில் போய் விழும் இரண்டு கண்கள். எதிரில் உட்கார்ந்து எத்தனை வருடம் சாப்பிட்டிருக்கிறேன்!

ஃபோன் கரகரத்தது. பிறகு மொரப்பூர்க்காரன் தொண்டையைச் செருமினான்.

"ஆன்ட்டி, நாளைக்கு நாலு மணிக்குப் பிராக்டிஸ். லேட்டாக்காதீங்க."

"உங்க மச்சான்?"

"அவன் கெடக்கறான் வுடுங்க."

அவள் ஃபோனைச் சார்ஜில் போட்டுவிட்டு, "இப்பப் போடுங்க ஃபேன" என்றாள்.