ட்யூப் இல்லாத சைக்கிளும் மூணு லேட்டும்

கம்பெனியில காத்து லீக்கை அடைக்கிற ஃபிட்டர் வேலை பார்த்தவங்களுக்குத் தெரியும்: லைன்ல காத்து ஒழுங்கா வர்ற வரைக்கும் நம்ம பேரு யாருக்கும் ஞாபகம் வராது, எங்கயாவது 'உஸ்'ஸுன்னு சத்தம் கேட்டா மட்டும் ஷிப்ட் இன்ஜினியர்லேர்ந்து கேன்டீன் மாஸ்டர் வரைக்கும் நம்மளைத் தேடுவாங்க.

ரெண்டாயிரத்து எட்டு வாக்குல நான் கும்மிடிப்பூண்டி சிப்காட்ல ஒரு ரோலிங் மில்லுல கம்ப்ரஸர் ஃபிட்டர். பேரு ஏழுமலை, ஊரு எளாவூர். ஆறு வருஷமா கான்ட்ராக்ட். அதுல இருந்தவங்களுக்கு நான் சொல்லவே வேணாம். பதினோரு மாசம் ஆனதும் 'பிரேக்'குன்னு பத்து நாள் வீட்ல ஒக்கார வெப்பாங்க. திரும்பக் கூப்பிடுவானா, மாட்டானான்னு அந்தப் பத்து நாளும் வாசலுக்கும் ரோட்டுக்கும் நடந்துகினே இருப்பேன். என் வீட்டுக்காரி கஸ்தூரி, "ஒரு எடத்துல குந்துய்யா, எனக்குத் தலை சுத்துது"ம்பா.

அந்த வருஷம் பர்சனல் மேனேஜர் எங்களை வரிசையா நிக்க வெச்சு, பொங்கலுக்கு முன்னாடி பர்மனென்ட் லிஸ்ட் போடப் போறதா சொன்னாரு. அதுவரைக்கும் டைம் கார்டுல மூணு லேட் பஞ்ச் விழுந்தவன் பேரு அதுல இருக்காதாம். ஃபர்ஸ்ட் ஷிப்ட் காலையில ஆறு மணி. எங்க ஊரு செக்போஸ்ட்ல லாரி கியூ நின்னா, பஸ்ஸு எப்ப நகரும்னு அதை ஓட்டுற டிரைவருக்கே தெரியாது. எனக்கு சைக்கிள்தான் கதி.

மார்கோ குடுத்தது

மில்லுக்குப் புது மெஷின் மாட்ட இத்தாலியிலேர்ந்து வந்தவரு மார்கோ. கூடவே ஒரு ரேஸ் சைக்கிளும் வந்துச்சு. ஆட்டுக்கொம்பு மாதிரி வளைஞ்ச ஹேண்டில், கட்டைவிரல் அகலத்துக்கு டயரு. ஞாயித்துக்கிழமையானா பழவேற்காடு வரைக்கும் ஒரே மிதி. அவரு மூணு நாளா தேடுன ஒரு காத்து லீக்கை நான் பைப்புல காதை வெச்சே கண்டுபுடிச்சேன். அந்த சந்தோஷத்துல, ஊருக்குப் போகும்போது சைக்கிளை என்கிட்டயே குடுத்துட்டுப் போயிட்டாரு.

நம்ம சைக்கிள்ல போனா ரோட்டுல இருக்கிற ஜல்லி ஒவ்வொண்ணும் முதுகெலும்புல வந்து ஆஜர் சொல்லும். இதுல அப்படி ஒண்ணுமே இல்ல. சத்தமும் இல்ல. விடியக்காலையில செக்போஸ்ட்லேர்ந்து லாரிங்க மைல் கணக்குல நிக்கும், நான் ஓரமா நழுவிப் போவேன். க்ளீனருங்க வேப்பங்குச்சியைக் கடிச்சிக்கினே திரும்பிப் பார்ப்பாங்க. சத்தியமா சொல்றேன், அந்த அரை மணி நேரம் மட்டும் எனக்கு டெம்பரரி, பர்மனென்ட் எதுவும் மனசுல வராது.

விஷயம் இன்னான்னா, அந்த டயர் உள்ள ட்யூப் கிடையாது. டயரே ரிம்முல இறுக்கமா ஒட்டிக்கும். உள்ள பால் மாதிரி ஒரு வெள்ளைத் தண்ணி ஊத்தணும். சின்ன ஓட்டை விழுந்தா அதுவே ஓடி வந்து அடைச்சுடும். கார்லயே அப்பத்தான் ட்யூப் இல்லாத டயர் வந்துகினு இருந்த காலம். எனக்கு நம்பிக்கை வரல. "ஒரு ட்யூப் போட்டுக்கட்டா சார்?"னு கேட்டேன். மார்கோ வெரலை ஆட்டிக்கினே சொன்னாரு: "நோ ட்யூப், நோ ப்ராப்ளம்!"

உள்ள ஒண்ணுமே இல்ல

ரெண்டு மாசம் ப்ராப்ளம் இல்லதான். சிப்காட்டுக்கு ஸ்கிராப் ஏத்திக்கினு போற லாரிங்க கொட்டிட்டுப் போற இரும்புச் சுருள் இருக்கே, பிளேடு தோத்துடும். ஒரு நாள் காலையில எளாவூர் தாண்டுறதுக்குள்ள ஒண்ணு ஏறிடுச்சு. பெரிய கிழிசல். வெள்ளைத் தண்ணி புளிச் புளிச்சுன்னு என் பேன்ட்டெல்லாம் அடிச்சு, டயரு தரையோட படுத்துருச்சு.

செக்போஸ்ட் பக்கத்துல காஜா பாய் பங்சர் கடை. லாரி டயருக்குப் பேர்போன கை. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள லிவரை உட்டு டயரை நெம்பிட்டாரு. உள்ள கையை உட்டுத் தேடுறாரு. இந்தப் பக்கம் தேடுறாரு, அந்தப் பக்கம் தேடுறாரு. கிழிசலுக்கு உள்பக்கமா ஒரு ஒட்டு போட்டுக் குடுத்தாரு, ஆனா நெம்பின டயரு திரும்ப ரிம்முல ஒக்கார மாட்டேங்குது. எவ்வளவு பம்ப் அடிச்சாலும் காத்து ஓரமா ஓடிப்போவுது. எனக்கு வாட்ச்சைப் பார்க்கவே பயம். சைக்கிளை அங்கயே போட்டுட்டு பஸ்ஸுல தொத்தினேன். பஸ்ஸு கியூவுல தொத்திக்கினு நின்னுச்சு. ஆறு இருபதுக்குப் பஞ்ச். முதல் லேட்டு. நான் பஸ்ஸுல ஏறும்போது பாய் பின்னாலேர்ந்து கத்தினாரு: "இன்னா ஏழுமலை, வெள்ளக்காரன் ட்யூப்பை உருவிக்கினு டயரை மட்டும் உன் தலையில கட்டிட்டாம்பா!"

ஒரு தீக்குச்சி

அன்னிக்கு சாயங்காலம் பாயும் நானும் மாத்தி மாத்தி பம்ப் அடிச்சோம். தோள்பட்டை கழண்டதுதான் மிச்சம். பாய் திடுதிப்புனு எழுந்து போயி ஒரு பாட்டில்ல பெட்ரோலும் தீப்பெட்டியும் எடுத்தாந்தாரு. லாரி டயரு ஒக்காரலன்னா கொஞ்சூண்டு உள்ள ஊத்திக் கொளுத்துவாங்களாம், டொம்முனு வெடிச்சு ஒக்காந்துக்குமாம். நான் அவரு கையைக் கெட்டியா புடிச்சிக்கினேன். "பாய், இது லாரி இல்ல பாய், வெரல் அகலம்தான் டயரு! உங்களுக்கு இன்னாவது ஆயிடப் போவுது!"ன்னு கெஞ்சினேன். அவரு சிரிச்சிக்கினே சொன்னாரு: "ஒண்ணியும் ஆவாது ஏழுமலை. எனக்குப் புருவம் ரெண்டு தபா போச்சு, ரெண்டு தபாவும் மொளைச்சுக்கிச்சே!"

கம்பெனி காத்து

தீப்பெட்டியைப் புடுங்கி வெச்சுட்டு யோசிச்சேன்: அந்த டயருக்கு வேண்டியது ஒரே மூச்சுல பாயுற காத்து. அது எங்க இருக்குது? என் கம்ப்ரஸர் ரூம்லதான்! மறுநாள் சக்கரத்தை மட்டும் கழட்டிக்கினு, கியூ சேர்றதுக்கு முன்னாடி முத பஸ்ஸுலயே போனேன். கேட்ல செக்யூரிட்டி சுப்பையா. ஆந்திரா பார்டர் தடா பக்கத்து ஆளு, பேச்சுக்கு ஒரு நைனா போடுவாரு. வெளிப் பொருள் உள்ள வர்றதால நோட்டுல எழுதிக்கினாரு: 'சைக்கிள் சக்கரம் ஒண்ணு. காத்து இல்லை.'

ரெண்டு மணிக்கு ஷிப்ட் முடிஞ்சதும் வேலையை ஆரம்பிச்சேன். ஓரத்துல சோப்புத் தண்ணி தடவி, வால்வு உள்ள இருக்கிற ஊசியைக் கழட்டிட்டு, ஏழு கிலோ பிரஷர் லைனை ஒரே அடியாத் தொறந்தேன். டப்! டப்! ரெண்டு வெடி. மெஷின் ஆபரேட்டர் தனசேகர் பேனலுக்குப் பின்னால குந்திட்டான். டயரு ரிம்முல கச்சுன்னு ஒக்காந்துருச்சு. மார்கோ விட்டுட்டுப் போன பாட்டில்ல மிச்சமிருந்த வெள்ளைத் தண்ணியை ஊத்தி, காத்தை நிரப்பி, ஜம்முனு தூக்கிக்கினு கேட்டுக்கு வந்தேன்.

சுப்பையா டயரை அமுக்கிப் பார்த்தாரு. நோட்டைப் பார்த்தாரு. "உள்ள போறப்ப காத்து இல்ல, இப்ப காத்து கீது. அவுட் பாஸ் எங்க நைனா?" நான் விளையாடுறாருன்னு நினைச்சு சிரிச்சேன். அவரு சிரிக்கல. மேனேஜருக்குப் போன் போடவே கை நீட்டிட்டாரு. லிஸ்ட் வரப்போற நேரத்துல 'கம்பெனி காத்தைத் திருடினான்'னு பேரு வந்தா இன்னா ஆவறது? அவரு கண்ணு முன்னாலயே வால்வைத் தொறந்து முழுக் காத்தையும் இறக்கினேன். டயரு ஒரு தபா ஒக்காந்துட்டா காத்தை எறக்கினாலும் ரிம்மை உடாது, அப்புறம் கைப்பம்பே போதும். நல்லவேளை, அது அவருக்குத் தெரியாது. மறுபடி அமுக்கிப் பார்த்து, கையெழுத்துப் போட்டு, முதுகுல தட்டிச் சொன்னாரு: "இப்ப கரெக்டு நைனா. கம்பெனி சொத்து கம்பெனிலயே இருக்கட்டும்."

ஆசாரி பசை

அடுத்தது முழுக்க என் முட்டாள்தனம். சைக்கிள் ஸ்டாண்டு மேல ஆஸ்பெஸ்டாஸ் கூரை. அந்த சூட்டுல வெள்ளைத் தண்ணி சீக்கிரமே காஞ்சு போச்சு. வேற பாட்டில் கிடையாது. மெட்ராஸ்ல கேட்டாலும், "அப்படின்னா இன்னா?"ங்கறாங்க. யோசிச்சேன். வெள்ளையா இருக்கணும், ஒட்டணும், அவ்வளவுதானே? தச்சு வேலைக்கு வாங்குற பசையைத் தண்ணியில கரைச்சு ஊத்திட்டேன். கஸ்தூரி அப்பவே, "இது சரிப்படாது"ன்னா. பொம்பளைக்கு இன்னா தெரியும்னு நினைச்சேன் பாருங்க.

லீவு நாள்ல சைக்கிள் சும்மா நின்னுச்சு. பசை பூரா டயரோட அடிப்பக்கம் வந்து தேங்கி, கல்லா இறுகிப் போச்சு. மறுநாள் காலையில ஏறி மிதிச்சா, ஒவ்வொரு சுத்துக்கும் தொம்மு, தொம்மு, தொம்மு. பல்லு ஆடுது. வேகமா போனா ஹேண்டிலே கையில நிக்கல. ஆறு மணி ஏழு நிமிஷத்துக்குப் பஞ்ச். ரெண்டாவது லேட்டு. எனக்கு அழுகையே வந்துருச்சு. கேட்டுக்கு உள்ள வரும்போதே சத்தத்தைக் கேட்டுட்டு தனசேகர் கேட்டான்: "டேய் ஏழுமலை, சைக்கிள்ல வர்றியா, இல்ல அம்மிக்கல்லை உருட்டிக்கினு வர்றியா?"

லிஸ்ட் போட்ட நாள்

ஷிப்ட் இன்ஜினியரைக் கெஞ்சி மார்கோவுக்கு மெயில் போட வெச்சதுல, மெஷின் ஸ்பேர் பெட்டியில ஒரு பாட்டில் வெள்ளைத் தண்ணி வந்து சேர்ந்துச்சு. பசையைச் சுரண்டி எடுக்க ஒரு ஞாயித்துக்கிழமை முழுசா போச்சு. அதுக்கப்புறம் ஒரு மாசம் சைக்கிள் பழையபடி வெண்ணெயா ஓடுச்சு. நான்தான் சரியில்ல. நாலு மணிக்கே முழிப்பு வந்துரும். டயரை அமுக்கிப் பார்ப்பேன், படுப்பேன், எழுந்து மறுபடி அமுக்கிப் பார்ப்பேன்.

லிஸ்ட் ஒட்டப் போறதா சொன்ன நாள். அஞ்சு மணிக்கே கிளம்பிட்டேன். பாதி வழி கூடப் போகல, டயரோட பக்கவாட்டுல சரக்குனு ஒரு கிழி. வெள்ளைத் தண்ணி மொத்தமும் ரோட்டுல. அந்த மாதிரி கிழிசலை எதுவும் அடைக்காது. தள்ளிக்கினு போனா ஏழு மணி ஆவும். பக்கத்துல செல்வி அக்கா டீக்கடை. முன்னபின்ன பேசினது கூட இல்ல. "அக்கா, இத்தைக் கொஞ்சம் பார்த்துக்கோக்கா, என் பொழப்பே போயிடும்க்கா!"ன்னு சொல்லி சைக்கிளைச் சாத்திட்டு, நடு ரோட்டுல கையை விரிச்சு நின்னு ஒரு கம்பி லாரியை நிறுத்தினேன். டிரைவரு திட்டிக்கினே ஏத்திக்கினாரு. பஞ்ச் பண்ணும்போது அஞ்சு ஐம்பத்தேழு. கார்டைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

பதினோரு மணிக்கு நோட்டீஸ் போர்டுல ஒட்டினாங்க. என் பேரு இருந்துச்சு. ஆறு வருஷம்! தனசேகர் என்னைத் தூக்கிச் சுத்தினான். எனக்கு ஒக்காரவும் முடியல, நிக்கவும் முடியல. ரெண்டு மணி ஆனதும் ஸ்வீட் பாக்கெட்டோட ஓடினேன். கஸ்தூரிக்கு முன்னாடியே சேதி தெரிஞ்சது செல்வி அக்காவுக்குத்தான்.

கடை வாசல்ல காஜா பாய் காலை நீட்டிக் குந்திக்கினு டீ குடிக்கிறாரு. பக்கத்துல என் சைக்கிள், ரெண்டு டயர்லயும் கிண்ணுனு காத்தோட. பஜாருக்குப் போன பாய் வழியில சைக்கிளை அடையாளம் கண்டு இறங்கிட்டாராம். நான் அழாத கொறையா ஓடின கதையை அக்கா சொல்ல, அவருக்கு மனசு தாங்கலையாம். நேரா பஜாருக்குப் போய் மெல்லிசான லேடீஸ் சைக்கிள் ட்யூப் ரெண்டு வாங்கியாந்து, கிழிசலுக்கு உள்பக்கமா கெட்டி ரப்பர் ஒண்ணை ஒட்டினாரு. அந்த ரிம்மோட வால்வு ஓட்டை சின்னது, நம்ம ட்யூப் வால்வு நுழையாது. பக்கத்து வெல்டிங் கடையில டிரில்லிங் மெஷின் வாங்கி, முன்னாலயும் பின்னாலயும் ஓட்டையைப் பெருசாக்கிட்டாரு. காத்து போகாம ரிம்முக்கு உள்ள ஒட்டியிருந்த டேப்பைக் கிழிச்சு எறிஞ்சுட்டாரு. லாரி லிவர் போட்டதுல ரிம் ஓரம் நாலு எடத்துல வளைஞ்சிருந்துச்சு. இனிமே அதுல ட்யூப் இல்லாம எந்த டயரும் ஒக்காராது. மார்கோவே நேர்ல வந்தாலும் ஒக்காராது.

ரிம்மைத் தடவித் தடவிப் பார்த்தேன். ஆனா இன்னான்னு திட்டுறது? காலையிலேர்ந்து வெயில்ல குந்தி எனக்காகச் செஞ்ச மனுஷன். கையெல்லாம் கிரீஸு, மூஞ்சியெல்லாம் சிரிப்பு. நான் ஸ்வீட்டை நீட்டினேன். அவரு ஒண்ணை வாயில போட்டுக்கினு சொன்னாரு: "அழுவாத ஏழுமலை, இனிமே எந்தக் கடையில வேணா காத்தடிச்சுக்கலாம். இத்தினி நாளு ட்யூப் போடாமயே ஓட்டிக்கினு இருந்திருக்கியே, உன்னை இன்னா சொல்றது!"

வேலை பர்மனென்ட் ஆன அன்னிக்கே ட்யூபும் பர்மனென்ட் ஆயிடுச்சுங்க. லாரிக்கு ஓரமா சத்தமில்லாம நழுவிப் போன அந்த அரை மணி நேரம் மட்டும்தான் கடைசி வரைக்கும் டெம்பரரி.