பாறையில் மட்டும் டவர்

காலை ஒன்பது பத்து. முதலில் தெரிந்தது சாலை வளைவில் ஒரு பாறையும், அதன்மேல் நின்று கைப்பேசியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்த ஒரு பெண்ணும். அவர்தான் ஊராட்சிச் செயலர். ஒன்றியத்தின் நூறு நாள் வேலை வருகைக் கணக்கில் அந்த ஊராட்சி மட்டும் ஏன் எப்போதும் கடைசியில் நிற்கிறது என்று எழுத, நாளிதழுக்காக ஆலங்காயத்திலிருந்து ஜீப்பில் போயிருந்தேன்.

பாறையடியில், நூறு நாள் வேலைக்கு வந்த பெண்கள் மண்வெட்டியோடு வரிசையாக நின்றார்கள். அவர்கள் வெட்டும் குட்டை, முக்கால் மணி நேர நடையில், பள்ளத்தில் இருந்தது. அங்கே டவர் கிடையாது. வேலைக்கு வந்தவர்களின் படம் பதினொரு மணிக்குள் இணையத்தில் ஏறினால்தான் வருகை. வருகை இருந்தால்தான் கூலி. ஆகவே தினமும் இங்கே படம், அங்கே வேலை. மாலைப் படத்துக்கு மறுபடி இங்கே ஏறி வர வேண்டும். பாதிப் பொழுது நடையில் போய்விடும்.

“மேடம், சிரிக்கணுமா?” என்றாள் ஒருத்தி.

“சும்மா நில்லுக்கா. போன தபா சிரிச்சுதான் கண்ண மூடிக்கின” என்றார் செயலர்.

“கண்ணத் தொறந்தா மட்டும் கூலி சீக்கிரம் வந்துடுமா?”

படம் போனது. சற்று நேரத்தில் ஒன்றிய அலுவலகத்து அதிகாரி அழைத்தார். பாறையை விட்டு இறங்கினால் பேச்சு அறுந்துவிடும். அதிகாரியின் சத்தம் கீழே நின்ற எல்லோருக்கும் கேட்டது.

“இன்னாம்மா இது? ரோடுதான் தெரியுது. குட்டை எங்க?”

“அங்க டவர் இல்ல சார்.”

“எத்தினி நாளைக்கு இதே கதை? இந்தப் படத்த ரத்து பண்ணிட்டேன். குட்டையில எடுத்து அனுப்பு. இல்லன்னா மெமோ வரும்.”

ஏற்கெனவே மெமோ வாங்கியவர் செயலர். இன்னொன்று வந்தால் வேலையே போகலாம் என்று இறங்கும்போது சொன்னார்.

எல்லோரும் பள்ளத்துக்குப் போனோம். பாதி வெட்டிய குட்டைக்குள் பெண்களை நிறுத்தி, விதிப்படி படம் எடுத்தார். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மேட்டில் ஓடினார். நானும் பின்னாலேயே ஏறினேன். பாறையை அடைந்தபோது பதினொன்று தாண்டியிருந்தது. நேரம் முடிந்துவிட்டது என்றது திரை.

அலுவலகத்தை அழைத்தார். சார் ரிவ்யூ மீட்டிங்கில் இருப்பதாக யாரோ சொன்னார்கள்.

மாலையில் பெண்கள் மேலேறி வந்தார்கள். முழங்கால் வரை செம்மண்.

“படம் போச்சா மேடம்?” என்றாள் காலையில் சிரிக்கணுமா என்று கேட்டவள்.

செயலர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைய பதிவில், அந்த ஊராட்சியில் யாரும் வேலைக்கு வரவில்லை.