மிளகு வீக்கத்துக்கு ஒரு கண் க்ரீம்

மருந்துக்கடைக்காரிக்கு ஊர்ல ரெண்டு வேசம்: டாக்டர் இல்லாத நேரத்துல டாக்டரு, டாக்டர் வந்துட்டா வெறும் கடைக்காரி. மலை மேல செம்மேட்டுல பதினெட்டு வருசமா இந்த ரெண்டு வேசத்தையும் கட்டிட்டு நிக்கறேன். நீங்களும் கவுண்டருக்குப் பின்னால நின்னு கால் வலிச்ச ஆளுன்னா நான் சொல்றது புரியும். "கண்ணுக்குன்னு தனியா ஒரு க்ரீம் தேவைதானுங்களா?"ன்னு இப்போ வாரத்துக்கு நாலு பேராவது கேக்கறாங்க. பதில் சுலபம். ஆனா அந்தக் க்ரீமை வித்து, சின்னப்பொண்ணுங்கற ஒருத்தியோட உசுருக்கே நான் உலை வெக்கப் பாத்ததைச் சொல்லாம பதில் சொன்னா எனக்குச் சோறு எறங்காது.

எழுபது வளைவு ஏறி வந்த டியூப்பு

கம்பெனி ரெப் தம்பி ஒருத்தரு நாமக்கல்லுல இருந்து பஸ்ஸேறி வந்தாரு. எழுபது கொண்டை ஊசி வளைவு, பாதி வழியிலயே வாந்தி. எலுமிச்சம்பழத்தை மோந்துட்டே கடைக்குள்ள நுழைஞ்சு, சுண்டுவிரல் தண்டி ஒரு டியூப்பை எடுத்து வெச்சாரு. கண்ணுக்குக் கீழ தோல் ரொம்ப மெல்லிசாம், அதுக்குத் தனிக் க்ரீம் வேணுமாம், அதையும் மோதிர விரல்லதான் தொட்டு வெக்கணுமாம், அந்த விரல்லதான் அழுத்தம் கம்மியாம். தோல் மெல்லிசுங்கறது நெசந்தான். ஆனா நான் விடுவனா? முகத்துக்குப் போடற சாதாரணக் க்ரீமை எடுத்து, ரெண்டுக்கும் பின்னால இருக்கற பொடி எழுத்தை ஒத்துப் பாத்தேன். முக்காவாசி ஒரே சரக்கு. டியூப்பு சின்னது, வெலை பெருசு.

வாந்தியெடுத்த முகத்தைப் பாத்துப் பாவமாப் போயி ஆறு டியூப்பு எடுத்துக்கிட்டேன். அவரு கண்ணுக்குக் கீழ கரி அப்புன மாதிரி கருவளையம். "ஏந்தம்பி, நீங்க இதைப் போடறதில்லீங்களா?"ன்னு கேட்டேன். பையை மூடிக்கிட்டே சொன்னாரு: "எனக்கு வேண்டியது தூக்கமுங்க அக்கா. அது எங்க கம்பெனில வரதில்லீங்க."

படகுக்குப் போற வழியில

ஈரோட்டுல இருந்து சுற்றுலா வந்த ஒரு அம்மா, வாசலூர்பட்டி ஏரிக்குப் படகு சவாரி போற வழியில காரை நிறுத்தி ஓடி வந்தாங்க. கண் க்ரீமை ஊட்டுலயே மறந்துட்டு வந்துட்டாங்களாம். கார்ல புருசன் ஹாரன் அடிக்கறாரு, ரெண்டு கொழந்தைங்க கத்துதுங்க. எனக்கு வாய் சும்மா இருக்காதே! "முகத்துக்குப் போடற க்ரீமையே ரெண்டு பொட்டு கண்ணுக்குக் கீழ தொட்டுக்குங்க. வெயில்ல போறப்ப தலைக்கு ஏதாச்சும் போட்டுக்குங்க. அதுக்கு மேல இந்த டியூப்பு ஒண்ணும் சாதிக்காதுங்க"ன்னு என் யாவாரத்துல நானே மண்ணைப் போட்டேன்.

அவங்க சிரிக்கல, கோவப்படவும் இல்ல. டியூப்பைக் கையில வெச்சு அமுக்கிப் பாத்துட்டே இருந்தாங்க. அப்புறம் சொன்னாங்க: "தெரியும்ங்க. ஆனா கதவைச் சாத்திட்டு இதைப் போடற அஞ்சு நிமிசம்தான் என்னை யாரும் கூப்பிட மாட்டாங்க." நான் பில்லைப் போட்டேன். என் தங்கச்சி மாதிரி இருந்தாங்க. ஹாரன் மறுபடி அடிச்சுது, "வாரேன், வாரேன்!"னு கத்திட்டே ஓடுனாங்க.

மிளகு வீக்கம்

மாசி, பங்குனி வந்தா எங்க மலைல எந்த வாசல்ல பாத்தாலும் மிளகுதான். பறிச்ச கொத்தைக் காலால மிதிச்சு மணியை உதுத்து, தார்ப்பாயில காயப் போட்டு, மொறத்துல புடைப்பாங்க. தூசி கண்ணுல அடிக்கும், அதே கையால கண்ணைக் கசக்குவாங்க. அந்தச் சீசன்ல கண்ணு வீங்காத ஆளைப் பாத்தாத்தான் ஆச்சரியம். மிளகு வீக்கம்னே நாங்க சொல்லிப் பழகிட்டோம். அதுக்குன்னு ஆசுபத்திரிக்குப் போனா ஊரே சிரிக்கும்.

அந்த மாசியிலதான் சின்னப்பொண்ணு வந்தா. தேவனூர் நாட்டுக்காரி (எங்க மலைல நாலஞ்சு ஊரு சேந்தா ஒரு நாடு), நாப்பது வயசு இருக்கும், புருசன் கேரளாவுல தோட்ட வேலைக்குப் போயிட்டாரு. ரேசன் கடையில இவ கைரேகை மெசின்ல விழல, மரவள்ளிக்கெழங்கு புடுங்கிப் புடுங்கி ரேகையே தேஞ்சு போச்சு. சரி, கண்ணைக் காட்டுன்னு கண் மெசினை நீட்டியிருக்காங்க. இமை வீங்கி, கண்ணு பாதிக்கு மேல தெறக்கல, மெசின் அதையும் ஏத்துக்கல. வீக்கம் வத்துன பொறவு வான்னு அனுப்பிட்டாங்க. "காத்தால எந்திரிச்சா கண்ணே தெறக்க மாட்டேங்குதுங்க. பொழுது ஏற ஏறக் கொஞ்சம் வத்துதுங்க"ன்னு சொன்னா.

இந்த எடத்துல நான் ஒரு நிமிசம் யோசிச்சிருக்கணும். மிளகுத் தூசின்னா வேலை செஞ்ச பொறவு, சாயங்காலம்தானே வீங்கணும்? தூங்கி எந்திரிச்ச ஆளுக்கு ஏது தூசி? என் மரமண்டைக்கு அது ஏறல. "மிளகு வீக்கம்தான் சாமி, போயிரும்"னு சொல்லி, ரெப் தம்பி குடுத்த டியூப்புல ஒண்ணை எடுத்து, மோதிர விரலால தொடணும்னு நானும் தொட்டுத் தொட்டுக் காமிச்சேன். அவ தன் மோதிர விரலைப் பாத்துட்டுச் சொன்னா: "ஒரு மிசின் கூட ஒத்துக்காத வெரலுங்க, க்ரீமாச்சும் ஒத்துக்குதான்னு பாக்கலாமுங்க."

ரெண்டாவது டியூப்பு

பங்குனிக் கடைசியில மறுபடி வந்தா. முகம் உப்பியிருந்துச்சு. கண்ணு அதே கோலம். இடுப்புவலி, கைகால் வலின்னு தெனமும் ஒரு வலி மாத்திரை போடறாளாம். அதுவும் எங்கிட்ட வாங்கறதுதான், நானும் டாக்டர் சீட்டுக் கேக்காமக் குடுத்துட்டே இருந்தேன். அன்னைக்குக் கடையில கூட்டம். ஒரு கையில மாத்திரை அட்டை, இன்னொரு கையில ரெண்டாவது டியூப்பு, எடுத்து நீட்டிட்டேன். "முகம் நல்லா பூரிச்சிருக்கே, புருசன் வாராரா?"ன்னு கிண்டல் வேற. நெனைச்சா இப்பவும் என் வாயிலயே போட்டுக்கத் தோணுது.

அவளும் சிரிச்சா. போற போக்குல சொன்னா: "நீங்க குடுத்தா சரியாத்தானுங்க இருக்கும்."

மெட்டி

சித்திரை பாதி. எந்த வாசல்லயும் மிளகு இல்ல, தார்ப்பாயெல்லாம் மடிச்சுப் பரண்ல ஏறிருச்சு. சின்னப்பொண்ணு நொண்டிக்கிட்டே வந்து கால் விரல் புண்ணுக்குக் களிம்பு கேட்டா. மெட்டி இறுக்கி விரல் அறுத்துருச்சாம். கழட்ட முடியல, புருசன் இல்லாத நேரத்துல தட்டானுகிட்டப் போயி அறுக்கச் சொல்லவும் மனசு வரலயாம். கவுண்டரை விட்டு வெளிய வந்து குனிஞ்சு பாத்தேன். பதினெட்டு வருசத்துல ஒரு கிராக்கியோட காலை நான் பாத்தது அன்னைக்குத்தான்.

கணுக்காலுக்கு மேல பெருவிரலை வெச்சு அழுத்துனேன். எடுத்ததுக்கப்புறமும் குழி அப்படியே நின்னுச்சு. காதுகிட்டப் போயி, "ஒண்ணுக்குப் போனா நொரைக்குதா?"ன்னு கேட்டேன். வெக்கப்பட்டுட்டுத் தலையாட்டுனா. கடையைச் சாத்திட்டு அரசாங்க ஆசுபத்திரிக்குக் கையைப் புடிச்சு இழுத்துட்டுப் போனேன். சோதனை பண்ணிட்டு, சிறுநீரகம் கெட்டுட்டு வருது, ஒடனே கீழ பெரிய ஆசுபத்திரிக்குப் போகணும்னு ஆம்புலன்சுக்குச் சொல்லிட்டாங்க. வலி மாத்திரையை இனி தொடவே கூடாதுன்னாங்க. மெட்டியை அங்கயே அறுத்து எடுத்தாங்க. அதுக்குத்தான் அவ அழுதா, சீக்குக்கு அழல.

நான் ஒண்ணையும் மறைக்காம எல்லாத்தையும் அங்க இருந்த சின்ன வயசு டாக்டரம்மாகிட்டச் சொன்னேன். திட்டுவாங்கன்னு நின்னேன். எழுதிட்டே சொன்னாங்க: "க்ரீமால ஒண்ணும் ஆகலைங்கக்கா. ஆனா மாசியிலயே அனுப்பியிருக்கலாம்."

கண்ணு தெறந்துச்சு

பொழைச்சுக்கிட்டா. நெசமாச் சொல்றேன், அவ கீழ ஆசுபத்திரியில கெடந்த நாளெல்லாம் நான் ஒழுங்காத் தூங்கல. என் கண்ணுக்குக் கீழயும் கரி அப்பிக்கிச்சு, டியூப்பு கைக்கெட்டுற தூரத்துலதான் இருந்துச்சு, தொடல.

ஆடி கழிஞ்சு ஒரு நாள் நேரா நடந்து கடைக்கு வந்தா. முகம் பழையபடி ஒடுங்கி, கண்ணு ரெண்டும் பளிச்சுனு இருந்துச்சு. கால்ல புது மெட்டி, கொஞ்சம் லூசா. ரேசன் மெசின் மொத தடவையே கண்ணை ஏத்துக்கிச்சாம். அப்பத்தான் மெதுவா ஆரம்பிச்சா: பெரிய ஆசுபத்திரில குடுத்த மாத்திரையைப் போட்டா வாயெல்லாம் கசக்குதாம், நாலு நாளா நிறுத்திட்டாளாம், எப்புடியும் வீக்கம் வத்துனது நான் குடுத்த டியூப்பாலதானாம், அதுல இன்னொண்ணு வேணுமாம்.

எனக்கு வந்துச்சே ஆத்திரம்! "அடியே, அறிவு இருக்குதா உனக்கு? அந்த டியூப்பு வெறும் க்ரீமு! அது உன் வீக்கத்தைத் தொடக் கூட இல்ல! உசுரு மாத்திரையிலடி இருக்குது!"ன்னு ரோட்டுல போறவங்க திரும்பிப் பாக்கறாப்புலக் கத்துனேன். டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். சாப்பிட்டிருந்தா இப்பவே போடச் சொல்லுங்க, நாளைக்குக் காத்தால கூட்டிட்டு வாங்கன்னாங்க. தண்ணி டம்ளரைக் கையில குடுத்து, என் கண்ணு முன்னால மாத்திரையை முழுங்க வெச்சேன்.

சின்னப்பொண்ணு முழுங்கிட்டு, முந்தானையில வாயைத் தொடைச்சுட்டு, டம்ளரைத் திருப்பிக் குடுத்தா. கோவமில்லாமத்தான் கேட்டா: "ஏனுங்கக்கா, இந்தத் திட்டை மாசியிலயே திட்டியிருந்தா ஆகாதுங்களா?"

இப்போ யாரு வந்து கண்ணுக்குக் க்ரீம் கேட்டாலும் நான் கவுண்டரைச் சுத்தி வெளிய வந்து மொதல்ல அவங்க காலைத்தான் பாக்கறேன், பைத்தியக்காரின்னு நெனைச்சு அடுத்த கடைக்குப் போறவங்க போகட்டும்.