காரைக்காலிலிருந்து துபாய்க்கு ஒரு மருந்துப் பை

இந்த ஆண்டு, 1985 மே விடுமுறையில், துபாய் போய் வந்தேன். என் கணவர் அங்கே ஒரு மின்பொருள் கிடங்கில் கணக்கராக இருக்கிறார். மூன்று வருடங்களாக அவர்தான் வந்து போய்க்கொண்டிருந்தார். இந்த முறை "நீ வா" என்று டிக்கெட் அனுப்பிவிட்டார். நான் பள்ளிக்கூடத்தில் தாவரவியல் நடத்துகிறவள். வயது நாற்பத்து நான்கு. ஏழு வருடங்களாகத் தினம் இரண்டு வேளை இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறேன். விமானத்தில் ஊசி மருந்தை எப்படிக் கொண்டுபோவது என்று ஊரில் விசாரித்தேன். பலமுறை துபாய் போய்வந்தவர்கள்கூட, திரும்பி வரும்போது தங்கத்தை எப்படிக் கொண்டுவருவது என்றுதான் சொன்னார்கள். மருந்தைப் பற்றி யாருக்கும் தெரியவில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

முதலில் இன்சுலின். பெட்டியில் வைத்து விமானத்தின் அடிப்பகுதிக்கு அனுப்பக்கூடாது, அங்கே உறைந்துபோகலாம் என்று என் டாக்டர் சொல்லிவிட்டார். கையோடுதான் கொண்டுபோக வேண்டும். வாய் அகன்ற பிளாஸ்க் ஒன்று வாங்கினேன், நாற்பத்தைந்து ரூபாய். மீனுக்கு ஐஸ் போடும் கம்பெனியில் எங்கள் ஊரில் எந்நேரமும் ஐஸ் கிடைக்கும். உடைத்த ஐஸை நிரப்பி நடுவில் மருந்தைச் சொருகிவிடலாம் என்பதுதான் என் முதல் யோசனை. நல்லவேளை, புறப்பட ஒரு வாரம் இருக்கும்போதே, தீரப்போகும் பழைய குப்பி ஒன்றை வைத்துச் சோதித்துப் பார்த்தேன். காலையில் மருந்து திரிதிரியாக நின்றது. ஐஸ் நேராகத் தொட்டால் மருந்து போச்சு. பிறகு குப்பிகளை பிளாஸ்டிக் பையில் கட்டி, துண்டில் சுற்றி, குளிர்ந்த தண்ணீரும் இரண்டே துண்டு ஐஸும் உள்ள பிளாஸ்க்கில் வைத்தேன். வழியில் தண்ணீரையும் ஐஸையும் மாற்றிக்கொண்டதில், துபாய் வரை சில்லென்று தாங்கியது.

டாக்டரிடம் ஆங்கிலத்தில் கடிதம் வாங்கும்போது பெயரைக் கவனியுங்கள். ஊரில் எல்லாருக்கும் நான் செல்வி டீச்சர். டாக்டரும் பழக்கத்தில் அப்படியே எழுதிவிட்டார். பாஸ்போர்ட்டில் இருப்பது ஞானஸ்நானப் பெயர், ரோஸ்லின். இரண்டாம் முறை போய் மாற்றி எழுதி வாங்கினேன்.

இனி எங்கள் ஊர் வழக்கம். காரைக்காலில் ஒருவர் வெளிநாடு போகிறார் என்றால் அவர் பெட்டி அவருடையது மட்டும் இல்லை. போகிறவர் கையில் கொடுத்துவிடுவது என்பது கலியாணத்துக்கு மொய் வைப்பது போல. யாரும் கேட்டுக்கொண்டு செய்வதில்லை, யாரும் மறுப்பதும் இல்லை. வடகம், கருவாடு, ஊறுகாய், யாரோ ஒருவரின் மூக்குக் கண்ணாடி எல்லாம் வந்து சேர்ந்தன. எங்கள் பின் தெருவில் இருக்கும் ஜுலைகா லாத்தா (அக்காவை அவர்கள் அப்படித்தான் அழைப்பார்கள்) இடியாப்ப மாவு ஒரு டின் கொண்டுவந்தார். அவருடைய ஒரே மகன் பாரூக் துபாயில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறான். நான் போய் இறங்கும் காலையில் என் கணவருக்கு வேலை இருந்ததால், துபாய் விமான நிலையத்துக்கு என்னை அழைக்க வருவதாக இருந்ததும் அவன்தான்.

"அவன் கையிலயே குடுங்க டீச்சர். வேற யார்கிட்டயும் குடுத்துடாதீங்க" என்றார் லாத்தா. மாவுக்கு இத்தனை பத்திரமா என்று சிரித்துக்கொண்டே வாங்கி வைத்தேன்.

காலை ஆறு மணிப் பேருந்தில் புறப்பட்டேன். சென்னைக்கு ஏறக்குறைய முந்நூறு கிலோமீட்டர், கட்டணம் இருபத்தாறு ரூபாய். துபாயில்தான் சுங்கச் சோதனை என்று நினைக்க வேண்டாம். நமக்கு முதல் சோதனை காரைக்கால் எல்லையில், பூவத்திலேயே வந்துவிடும். எல்லை தாண்டி யாரும் சாராய பாட்டில் கடத்துகிறார்களா என்று போலீஸ்காரர் ஒருவர் பேருந்தில் ஏறிப் பைகளை முகர்ந்துகொண்டே வந்தார். என் பையருகில் நின்றுவிட்டார்.

"என்னம்மா இது, வாசனை தூக்குது?"

"ஸ்பிரிட்டுங்க. ஊசி துடைக்க."

"எல்லாரும் ஏதாவது ஒண்ண துடைக்கத்தான் கொண்டு போறாங்க. எடுங்க பார்ப்போம்."

மருந்துக்கடை லேபிளையும் டாக்டர் கடிதத்தையும் காட்டினேன். கடிதத்தைத் தலைகீழாகப் பிடித்து மரியாதையாகப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பின் இருக்கையில் ஒருவர், "சார், எனக்கும் சுகர்தான், கடுதாசிதான் இல்ல" என்றார். அவருடைய இரண்டு பாட்டில்கள் இறங்கிவிட்டன. (ஸ்பிரிட்டை விமானத்தில் விடமாட்டார்கள். சென்னையிலேயே கொடுத்துவிட்டுப் போங்கள்.)

பெரம்பூரில் சின்னம்மா மகள் வீட்டில் தங்கினேன். விமானம் மறுநாள் மாலை. பெட்டியை எடை போட்டால் அனுமதித்த இருபது கிலோவுக்கு மேல் மூன்று கிலோ இருந்தது. டின் வேண்டாம், மாவைத் துணிப்பையில் மாற்றிவிடலாம் என்று கவிழ்த்தேன். மாவோடு ஒரு பொட்டலம் விழுந்தது. பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்ட வெள்ளை மாத்திரைகள். அட்டை இல்லை, பெயர் இல்லை, நூறுக்குக் குறையாது.

கோபம்தான் முதலில் வந்தது. கைப்பையில் ஊசிகள், பெட்டியில் மாவுக்குள் பெயரில்லாத மாத்திரைகள். பார்க்கிற அதிகாரி என்னை என்னவென்று நினைப்பார்? தூக்கிக் குப்பையில் போட்டிருக்கலாம். ஆனால் இது யாரோ ஒருவர் தினமும் விழுங்க வேண்டியது என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்?

லாத்தா வீட்டில் போன் இல்லை. எதிரில் உள்ள ஜவுளிக்கடைக்கு டிரங்க் கால் போட்டுக் கூப்பிடச் சொன்னேன்.

"லாத்தா, மாவு டின்னத் தொறந்துட்டேன்."

அவர் ஏதும் சொல்லுமுன் நானே தொடர்ந்தேன்.

"அது என்ன மாத்திரை? யாருக்கு?"

"கடையில ஆளுங்க நிக்கிறாங்க டீச்சர்."

"அப்ப ஆமா இல்லைன்னு மட்டும் சொல்லுங்க. பாரூக்குக்கா?"

"ஆமா."

"நாளைக்கு அஞ்சு மணிக்கு நான் ஏர்போர்ட் போயிடுவேன். என்னன்னு தெரியாம கொண்டு போக மாட்டேன்."

"மாவ கொட்டிடாதீங்க டீச்சர்" என்று கடைக்காரருக்குக் கேட்கும்படி சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ராத்திரி பஸ்ல நானே வர்றேன்" என்றார்.

வந்தே விட்டார். நாகூரைத் தாண்டித் தனியாகப் போனதில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவர், மறுநாள் காலை ஏழு மணிக்குப் பாரிமுனைப் பேருந்து நிலையத்தில், வெள்ளைத் துப்பட்டியைத் தலையோடு இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். டீ வாங்கிக் கொடுத்தேன். குடிக்காமலே சொல்ல ஆரம்பித்தார்.

"எட்டு வயசுலேர்ந்து அவனுக்கு வலிப்பு டீச்சர். மாத்திரை போட்டா ஒண்ணுமில்ல. ஆறு வருசமா வரல. அங்க அவன்கிட்ட இன்னும் ஒரு வாரத்துக்குத்தான் இக்கிது."

"அங்கேயே டாக்டர்கிட்ட காட்டலாமே."

"கம்பெனிக்குத் தெரிஞ்சா ஊருக்கு டிக்கெட்ட கையில குடுத்துடுவான்னு பயப்படுறான். அதுவுமில்லாம, பட்டினத்துல பொண்ணு பேசி வச்சிருக்கோம்ல. பொண்ணோட அண்ணன் சாதிக் இவன் ரூமுலதான் இக்கிறான். டாக்டர்ட்ட போனா அவனுக்குத் தெரியாம போவுமா?"

எங்கள் பக்கம் பட்டினம் என்றால் திருமலைராயன்பட்டினம். காரைக்காலிலிருந்து நடந்தே போய்விடலாம், செய்தி அதைவிட வேகமாகப் போகும்.

"பேர் எழுதாம கொண்டு போனா நான் ஜெயிலுக்குப் போவேன் லாத்தா."

"நீங்க டீச்சராச்சே. உங்களப் போய் யாரு சந்தேகப்படுவா?"

"துபாய்ல நான் யாருக்கு டீச்சர்?"

லாத்தா துப்பட்டி முனையில் முடிந்து வைத்திருந்த பழைய ஆஸ்பத்திரிச் சீட்டை அவிழ்த்துக் கொடுத்தார். சென்னையில்தான் மகனுக்கு வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். அந்த டாக்டர் இப்போது வீட்டிலும் நோயாளிகளைப் பார்க்கிறார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, பத்து மணிக்கு ஆட்டோவில் போய் இறங்கினோம்.

டாக்டர் சீட்டைப் பார்த்தார், பொட்டலத்தைப் பார்த்தார், அதில் ஒட்டியிருந்த மாவையும் பார்த்தார்.

"இதை மாவுக்குள்ள வச்சது யாரு?"

"நாந்தாங்க டாக்டர்" என்றார் லாத்தா.

"இடியாப்பமாவே பிழிஞ்சு அனுப்பியிருக்கலாமேம்மா."

பிறகு பொறுமையாகச் சொன்னார். இது பெனோபார்பிடோன், தூக்க மாத்திரை இனத்தைச் சேர்ந்தது, எந்த நாட்டிலும் கண்கொத்திப் பாம்பாகப் பார்ப்பார்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு முன்னைவிட மோசமாக வரும். அட்டையில்லாத மாத்திரைகளை ஒதுக்கிவிட்டு இரண்டு மாதத்துக்குப் புதிதாக எழுதினார். அதற்குள் பாரூக் அங்கேயே ஒரு டாக்டரைப் பார்த்துவிட வேண்டும் என்றார். சுங்கத்துக்குத் தனிக் கடிதம் தட்டச்சு செய்தார்.

லாத்தாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் மகன் பெயர் எந்த இடம் என்று கண்டுபிடித்துவிட்டார்.

"பேரு இவ்வளவு பெருசா இக்கிதே. சின்னதா அடிக்கக் கூடாதா டாக்டர்?"

நான் குறுக்கிட்டேன். "லாத்தா, பேர் இருந்தா கொண்டு போறேன். வேண்டாம்னா இங்கயே வச்சிட்டுப் போறேன். இப்பவே சொல்லுங்க."

எனக்கே என் குரல் வகுப்பறைக் குரலாகக் கேட்டது. மகனுக்கு வரும் பெண்ணா, மகனுக்கு வேண்டிய மருந்தா என்று ஒரு தாயை டாக்டர் வீட்டு பெஞ்சில் வைத்துக் கேட்கிறேன். ஆனாலும் வேறு எப்படிக் கேட்பது என்று இன்றுவரை தெரியவில்லை.

"கொண்டு போங்க" என்றார். மருந்துக்கடையில் அட்டை அட்டையாக, ரசீதோடு வாங்கினோம். மாவு டின்னை அவரே திருப்பி எடுத்துக்கொண்டு மதியப் பேருந்தில் ஊருக்குப் போனார்.

சென்னையிலிருந்து பம்பாய்க்கு மாலை விமானம். அங்கே உள்நாட்டு நிலையத்திலிருந்து வெளிநாட்டு நிலையத்துக்கு டாக்சி, இருபது ரூபாய் கேட்பார்கள். மீட்டர் போடச் சொல்லுங்கள். துபாய்க்கு மூன்று மணி நேரம். அங்கே கடிகாரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். ஊசி நேரத்துக்கு நான் கைக்கடிகாரத்தை மாற்றாமல் ஊர் நேரத்திலேயே வைத்துக்கொண்டேன். சாப்பாட்டுத் தட்டு கைக்கு வந்த பிறகுதான் ஊசி போட வேண்டும். தட்டு வரும் என்று நம்பிப் போட்டுவிடாதீர்கள்.

துபாய் சுங்கத்தில் என் மருந்துகள் இரண்டு நிமிடத்தில் முடிந்தன. பிறகு அதிகாரி பாரூக்கின் கடிதத்தை எடுத்தார். பாஸ்போர்ட் ரோஸ்லின், மருந்து பாரூக்குக்கு, எப்படி என்று ஆங்கிலத்தில் கேட்டார். எங்கள் ஊர்ப் பையன், வெளியே நிற்கிறான் என்றேன். "கூப்பிடலாமா?" என்றார். கூப்பிடுங்கள் என்று உடனே சொன்னேன். ஒரு போர்ட்டர் போய் அழைத்துவந்தபோதுதான் பார்த்தேன், பாரூக்குக்குப் பின்னால் இன்னொரு இளைஞனும் வருகிறான். டீச்சருக்குப் பெட்டி தூக்க வந்த சாதிக்.

அதிகாரி அட்டைகளை மேசைமேல் பரப்பி, மருந்தின் பெயரையும் நோயின் பெயரையும் கடிதத்தில் உள்ளபடியே சத்தமாகப் படித்து, "இது உன்னுடையதா?" என்றார். பாரூக் என்னைப் பார்த்தான். சாதிக்கைப் பார்த்தான். இல்லை என்று சொல்லிவிட்டால் நான் உள்ளே, ஆமாம் என்றால் அவன் கலியாணம் போச்சு.

"என்னுடையதுதான். நான் தினமும் சாப்பிடுவது" என்று நிதானமான ஆங்கிலத்தில் சொன்னான். அதிகாரி அவன் காட்டிய பாஸ்போர்ட்டில் பெயரைச் சரிபார்த்து, அட்டைகளை எண்ணி, அவன் கையிலேயே கொடுத்துவிட்டார்.

சாதிக்தான் வண்டி ஓட்டினான். ஒரு சிக்னலில் நின்றபோது, முன்னால் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"எப்பலேர்ந்து?"

"எட்டு வயசுலேர்ந்து."

"அட கிறுக்குப் பயலே! ரெண்டு வருசமா மேல் கட்டில்லயாடா படுக்கிறே?"

பாரூக் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"இன்னிக்கிலேர்ந்து நீ கீழ. நான் மேல." பச்சை விழுந்தது. வண்டியை எடுத்தபடி என்னிடம், "டீச்சர், வந்துட்டா கையில சாவிக்கொத்தக் குடுக்கணுமா?" என்றான்.

"இரும்பெல்லாம் வேண்டாம்ப்பா. ஒருக்களிச்சுப் படுக்க வை. வாயில எதையும் திணிக்காதே. அடங்குற வரைக்கும் பக்கத்துல இரு."

"அவ்வளவுதானா?" என்றான். ஏமாற்றமாக இருந்தது போலிருந்தது அவன் குரல்.

கலியாணம் என்னாயிற்று என்று கேட்பீர்கள். சாதிக் தன் தங்கைக்கே எழுதிவிட்டான். அந்தப் பெண், டாக்டர் என்ன சொல்கிறார் என்று தானும் கேட்க வேண்டும் என்றிருக்கிறாள். நாள் தள்ளிப்போயிருக்கிறது, நின்றுபோகவில்லை. லாத்தா என்னிடம் முன்போலப் பேசுகிறார், ஆனால் மாவைப் பற்றிப் பேசுவதில்லை. பாரூக் அங்கே ஒரு டாக்டரிடம் போக ஆரம்பித்துவிட்டான்.

போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியவை கொஞ்சம்தான். மருந்தை அதன் அட்டையிலும் குப்பியிலுமே வையுங்கள், ரசீதோடு. கடிதத்தில் பாஸ்போர்ட் பெயர் இருக்கட்டும். தங்கும் நாட்களுக்கு மேல் இரண்டு வாரத்துக்குக் கூடுதலாக எடுத்துக்கொண்டு, எல்லாவற்றையும் கைப்பையில் வையுங்கள். பிறர் மருந்தை வாங்காதீர்கள். நான் கொண்டுபோனேன், உண்மைதான். கொண்டுபோகும் நாட்டின் சட்டம் இடம் கொடுக்கிறதா என்று முதலில் விசாரித்திருக்க வேண்டும். அந்த அதிகாரி வேறு மாதிரி ஆளாக இருந்திருந்தால் இந்தக் கட்டுரை வேறு இடத்திலிருந்து எழுதப்பட்டிருக்கும்.

இன்னொன்று எனக்கே புதிது. ஏழு வருடங்களாக நான் கதவைத் தாழிட்டுக்கொண்டுதான் ஊசி போடுவேன். போகும்போது விமானத்திலும் கழிவறையில் முழங்கையை இடித்துக்கொண்டு போட்டேன். திரும்பும்போது பக்கத்து இருக்கையில் எங்கள் ஊருக்கு அருகில் உள்ள கீழவாஞ்சூர்க்காரர் ஒருவர், கட்டட வேலையிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர். இருந்த இடத்திலேயே ஊசியைப் போட்டுக்கொண்டு, அவரிடம் சொன்னேன். எனக்குச் சர்க்கரை நோய், நான் திடீரென்று வியர்த்து உளறினால் இந்தக் குளுக்கோஸை வாயில் போடுங்கள்.

"செஞ்சிடறேங்க. ஆனா நான் தூங்கிட்டா?" என்றார். யோசித்துவிட்டுத் தனக்கு அடுத்த இருக்கைக்காரரிடம் சொல்லிவைத்தார். அவர் முன் வரிசையில் சொன்னார். பம்பாய் வருவதற்குள், எனக்குச் சர்க்கரை என்று கேள்விப்பட்ட நான்கு பேர் அக்கறையாக எழுந்து வந்து மிட்டாய் நீட்டினார்கள். இப்போது வேண்டாம், வேண்டும்போது கேட்கிறேன் என்று ஒவ்வொருவருக்கும் விளக்கியே எனக்கு நேரம் போனது.