ஏரிக்கரையில் திறந்த பை

என் வீட்டுக்காரர் லிப்ட் மெக்கானிக். ஊரையே மேலே ஏற்றி இறக்கிய மனுஷன், நெஞ்சில் ஆபரேஷன் ஆனபிறகு எங்கள் வீட்டு மாடிப்படி ஏறவே பயந்தார். “சின்ன மலைகூட இனி தாராளமா ஏறலாம்” என்று டாக்டர் சொன்னதும், மலை ஏரியில் டிரவுட் மீன் பிடிக்கும் பழைய ஆசை அவருக்குத் திரும்பியது.

தூண்டில் கோல் என் கையில். முள்ளும் தூண்டில் நரம்பும் இருப்பதாக அவர் சொன்ன பை அவர் தோளில். என்னிடம் கொடுங்கள் என்றால் கேட்டால்தானே! வறட்டு கௌரவம். பாதி வழியிலேயே அவருக்கு மூச்சு வாங்கியது. நாலடிக்கு ஒருமுறை நின்றார். அந்த டாக்டரை மனதுக்குள் வறுத்தெடுத்தபடி பின்னாலேயே நடந்தேன்.

ஏரிக்கரையில் பையைத் திறந்தார். உள்ளே ஸ்பேனர்கள், சுத்தியல், கிரீஸ் டப்பா. கிளம்பும் அவசரத்தில், பழக்கதோஷத்தில், வேலைப் பையை மாட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

“இவ்வளவு இரும்பையா தூக்கிட்டு வந்தேன்?”

“அப்ப மூச்சு வாங்கினது நெஞ்சால இல்லையா?”

“இல்லடி, ஸ்பேனரால!”

தண்ணீரில் ஒரு மீன் துள்ளி விழுந்தது. பிடிக்க ஒரு முள்கூட இல்லை. திட்டத்தான் வாயைத் திறந்தேன்; விம்மல்தான் வந்தது. அவர் பதறிப்போய்க் கேட்டார்: “என்னடி, உனக்கு மூச்சு வாங்குதா?”